மயில்வாகனத்தின் வலது கை

காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து வெள்ளைகேட், முசரவாக்கம் வழியாகத் தாமல் வரை போய்த் திரும்பும் ஒரு தனியார் மினி பஸ்ஸில் உஸ்மான் கண்டக்டர், மயில்வாகனம் டிரைவர். பல வருஷமாக ஒரே வண்டி. மயில்வாகனம் எந்த வளைவில் ஹாரன் அடிப்பார், எந்த நிறுத்தத்தில் யாருக்காகக் கொஞ்சம் தாமதிப்பார் என்பதெல்லாம் உஸ்மானுக்கு அத்துப்படி. அதனால்தான் அவரிடம் ஏதோ மாறியிருக்கிறது என்பது மற்றவர்களுக்கு முன்னால் அவன் கண்ணில் பட்டது.

பஸ் நிலையத்து டீக்கடையில் ஒருநாள் பேசிக்கொண்டே நின்றவரின் வலது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. யாரும் இடிக்கவில்லை. டீயும் அப்படியொன்றும் கொதிக்கவில்லை. மயில்வாகனம் தன் கையைப் பார்த்தார். பிறகு, உஸ்மான் பார்த்துவிட்டானா என்று பார்த்தார். அந்த இரண்டாவது பார்வைதான் அவனை உறுத்தியது.

அதன் பிறகு அவர் டீயை இடது கையில் வாங்க ஆரம்பித்தார். மதியம் தாமல் ஏரிக்கரையோரம் வண்டி நிற்கும்போது இருவரும் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். உஸ்மான் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் மயில்வாகனத்துக்கு உயிர். இப்போது அவர் டிரைவர் சீட்டைவிட்டு இறங்குவதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டார். கத்தரிக்காயை நீட்டினால், "வயிறு சரியில்ல பாய்" என்றார். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுக்கப்போனால், "அப்படி வெச்சிடு, எடுத்துக்கறேன்" என்று பானெட்டைக் காட்டினார்.

"இன்னாண்ணா, எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்று உஸ்மான் கேட்டே விட்டான்.

"உம்மேல இன்னா கோவம்? போய் டிக்கெட்டப் பாருப்பா."

கோபமில்லை என்றால் எதையோ மறைக்கிறார். உஸ்மானின் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். குடிப்பதை வருஷக்கணக்கில் குடும்பத்துக்குத் தெரியாமல் மறைத்தவர். அவரும் இப்படித்தான், பக்கத்தில் உட்கார மாட்டார், முகத்துக்கு நேராகப் பேச மாட்டார், கை நடுக்கத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். கடைசியில் வாலாஜா பக்கம் ஒரு பாலத்தில் எல்லாம் முடிந்து போயிற்று. வெள்ளைத் துணி போர்த்தி அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது அக்கா அழவில்லை, "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். உஸ்மானுக்கு அது மறக்கவில்லை.

அதனால் அவன் மோப்பம் பிடிக்கத் தொடங்கினான். சில்லறை கேட்கிற சாக்கில் டிரைவர் சீட்டுப் பக்கம் குனிவான். விபூதி வாசனை வந்தது, டீசல் வாசனை வந்தது, வேறொன்றும் வரவில்லை. சாராயம் இல்லையென்றால் வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ என்ன என்று தெரியாததுதான் இன்னும் பயமாக இருந்தது. காலை முதல் டிரிப்பில் அவன் மகள் நஸ்னீனும் வருவாள். தாமல் பக்கம் நெடுஞ்சாலையோரக் கல்லூரியில் அவள் இரண்டாம் வருஷம். எப்போதும் முன்சீட்டுதான் அவளுக்கு.

ஒருநாள் காலை ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று வந்தது. புதிதாக ஒன்றுமில்லை, தினமும் வருவதுதான். மயில்வாகனம் கியரைக் குறைக்க இடது கையை எடுத்தார். அந்த ஒரு நொடி ஸ்டீயரிங் வலது கையில் மட்டும் இருந்தது. சக்கரம் சுழன்று கையைவிட்டு ஓடியது. வண்டி கரைப்பக்கம் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். இரண்டு கையாலும் அவர் ஸ்டீயரிங்கை அள்ளிப் பிடித்துத் திருப்பி, வண்டியைத் தார் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். நஸ்னீனின் நெற்றி முன்கம்பியில் இடித்துப் புடைத்திருந்தது.

"பள்ளம்பா" என்றார் மயில்வாகனம், யாரையும் பார்க்காமல். "பெரிய பள்ளம். ரோடு போடறவனுங்கள சொல்லணும்."

திரும்பி வரும்போது உஸ்மான் படியில் நின்று அந்த இடத்தைக் கவனமாகப் பார்த்தான். ரோடு வழவழவென்று இருந்தது. பள்ளம் எதுவும் இல்லை.

அன்று மாலை வண்டியைத் துடைக்கப் பழந்துணி தேடி டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தான். விபூதிப் பொட்டலத்துக்குப் பின்னால் பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு, தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்பரிடம் காட்டினான்.

"நரம்பு மாத்திரைங்க இது" என்றார் அக்பர். "மத்தபடி நல்ல மாத்திரைதான். ஆனா தூக்கமும் தலைசுத்தலும் வரும். சில பசங்க இத போதைக்கே போடறானுங்க. அதனால நாங்க டாக்டர் சீட்டு இல்லாம தர்றதில்ல. யாரு சாப்பிடறாங்க?"

"தெரிஞ்சவரு."

"இன்னா வேல பாக்கறாரு?"

உஸ்மான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். நஸ்னீன் நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். "மயிலு மாமா பாவம்பா, அவருதான் ரொம்ப பயந்துட்டாரு" என்றாள். அதைக் கேட்டதும் அவன் முடிவு செய்துவிட்டான்.

வண்டியின் முதலாளி ராமராஜன். அவருக்கு இரண்டு மினி பஸ்கள். மறுநாள் உஸ்மான் அவர் வீட்டுக்குப் போய், கிளாஸ் விழுந்தது, ஏரிக்கரையில் நடந்தது, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னான். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க முதலாளி. தனியா கூப்பிட்டு விசாரிங்க" என்று கேட்டுக்கொண்டான்.

ராமராஜன் தனியாகக் கூப்பிடவில்லை. குடியைக் கண்டுபிடிக்கும் ஊதுகிற மெஷின் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கிக்கொண்டு, காலையில் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார். மற்ற டிரைவர்கள், பூக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, "மயிலு, எறங்கி வந்து இத்த ஊது" என்றார்.

மயில்வாகனத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றி விபூதிக்குக் கீழே முகம் கறுத்தது. இறங்கி வந்து ஊதினார். மெஷின் பூஜ்யம் காட்டியது. "இன்னொரு தடவ" என்றார் ராமராஜன். மறுபடி ஊதினார். மறுபடியும் பூஜ்யம்தான். தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு முழுதும் உஸ்மானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி டிரிப் முடிந்து இறங்கும்போது மட்டும் சொன்னார்.

"யாரு வத்தி வெச்சதுன்னு எனக்குத் தெரியும்."

உஸ்மான் டிக்கெட் கட்டைப் பைக்குள் திணித்தான். "யாரு?"

"சத்யராஜ். வேற யாரு? இந்த ரூட்டு மேல அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு."

சத்யராஜ் முதலாளியின் இன்னொரு வண்டியின் டிரைவர். திருமுக்கூடல் ரூட்டு அவனுக்கு. அவனுக்கு எதுவுமே தெரியாது என்பது உஸ்மானுக்கு மட்டும்தான் தெரியும். இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், பிறகு யார் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டான். மெஷின் பூஜ்யம் காட்டியதே, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று படுத்த பிறகு ஒரு யோசனை. அந்த மெஷினுக்குச் சாராயம்தான் தெரியும், மாத்திரை தெரியாதே என்று உடனே இன்னொரு யோசனை.

மறுநாள் காலை சத்யராஜ் தன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மயில்வாகனம் நேராக அவனிடம் போனார்.

"ஏண்டா, நான் குடிச்சிட்டு ஓட்டறத நீ பாத்தியா?"

"இன்னா சொல்றண்ணா? நான் எங்க..."

அவன் முடிப்பதற்குள் மயில்வாகனம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பிடித்தது வலது கையால். சத்யராஜ் விலகிக்கொள்ளக்கூட முயலவில்லை, லேசாகப் பின்னால் சாய்ந்தான், அவ்வளவுதான். சட்டை விரல்களுக்குள்ளிருந்து வழுக்கி வந்துவிட்டது. மயில்வாகனம் மறுபடி பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் மூடின. மோதிர விரலும் சுண்டுவிரலும் மூடவில்லை, கொக்கி மாதிரி பாதி மடங்கி அப்படியே நின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"இன்னாண்ணா கையில?" என்றான் சத்யராஜ். அவன் குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

மயில்வாகனம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வந்து வண்டியில் ஏறி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். வண்டி நிறைய ஆட்கள். முன்சீட்டில் நஸ்னீன்.

உஸ்மான் படியில் நின்றான். அவன் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். விசில் வாயில் இருந்தது. அவன் ஊதவில்லை.

"ரைட் குடுப்பா" என்றார் மயில்வாகனம் கண்ணாடியைப் பார்த்து.

"குடுக்க மாட்டேண்ணா."

"இன்னாது?"

"உங்க கை புடிக்கல. நான் பாத்தேன். ரைட் குடுக்க மாட்டேன்."

பின்சீட்டிலிருந்து யாரோ வேலைக்கு நேரமாகிறது என்று கத்தினார். இன்னொரு அம்மாள், சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றாள். உஸ்மான் பயணிகளைப் பார்த்து, "வண்டி ரிப்பேருங்க, அடுத்த வண்டியில வாங்க, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லி எல்லோரையும் இறக்கினான். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நஸ்னீன் மட்டும் அப்பாவையும் மயில்வாகனத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கினாள்.

காலி வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. உஸ்மான் முன்னால் போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தான். "கையக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடிக்கப் போனான்.

மயில்வாகனம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். "தொடாத பாய்!"

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத. உனக்குப் பொண்ணு இருக்குது, பொண்டாட்டி இருக்குது."

உஸ்மானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரை, போதை, பொய் என்று அவன் கோர்த்து வைத்திருந்த எதிலும் இந்தப் பேச்சு பொருந்தவில்லை. மயில்வாகனம் தலையை ஸ்டீயரிங்கில் கவிழ்த்துக்கொண்டார். கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்.

"ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல உக்காந்திருப்பாரே ஒருத்தரு, கைவிரல் மடங்கி. பாத்திருக்கியா? என் கையும் அப்படித்தான் ஆயிக்கினு வருது. மொதல்ல சுண்டுவிரல் மரத்துப்போச்சு. அப்புறம் பக்கத்து விரலு. சோறு பிசையும்போது சூடு தெரியல. ஆஸ்பத்திரி செவுத்துல படம் ஒட்டியிருக்காங்க பாரு, அதுல இருக்கிற அதே கை. தொழுநோய் பாய் எனக்கு. வேற இன்னா?"

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர்கிட்ட போனா எழுதிடுவாங்க. எழுதினா ஊருக்கே தெரிஞ்சிடும். தெருவுல எங்க வீட்டுத் தறியில நெய்யற புடவைய எவன் வாங்குவான்? சீட்டு கேக்காத ஒரு மருந்துக்கடையில கை மரத்துப்போவுதுன்னு சொல்லி ஒரு மாத்திர வாங்கினேன். ராத்திரி மட்டும்தான் போடுவேன். வண்டி ஓட்டற நேரத்துல தொட்டதே இல்ல. முருகன் மேல சத்தியமா."

அவர் தள்ளி உட்கார்ந்தது, ஸ்பூனால் சாப்பிட்டது, பாட்டிலைக் கையில் வாங்காதது எல்லாம் உஸ்மானுக்கு அப்போது வேறு அர்த்தத்தில் தெரிந்தன. அவன் குனிந்து, அவர் இழுத்துக்கொள்வதற்குள் அந்தக் கையைப் பிடித்துவிட்டான். சுண்டுவிரல் பக்கம் கை சில்லென்று இருந்தது.

"வாங்க. இப்பவே போலாம்" என்றான்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நீங்க சொல்ற அதுவாவே இருந்தாலும் பாத்துக்கலாம்."

மயில்வாகனம் வீட்டுக்குப் போன் செய்ய விடவில்லை. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதைப் பார்த்த சத்யராஜ், நடந்ததை அவர் வீட்டில் சொல்லிவிட்டிருந்தான். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி மஹாலட்சுமி, தறியிலிருந்து எழுந்தவள் எழுந்தபடி, புடவையில் ஒட்டிய பட்டு நூல் பிசிறுகளோடு வாசலில் நின்றாள். கணவனைப் பார்த்ததும் உஸ்மானிடம்தான் பேசினாள்.

"எத்தன மாசமா தனித் தட்டு, தனிப் பாய்னு கூடத்துல தறிப் பக்கத்துல படுத்துக்கினு இருக்காரு தெரியுமாண்ணா? கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. வேற எவளோ இருக்கான்னு நான் நெனச்சேன். அவரு சட்டப்பையெல்லாம் தேடிக்கினு இருந்தேன்."

மயில்வாகனம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேற எவளா? எனக்கா?"

"பின்ன இன்னா நெனக்கிறது? சொன்னாதானே தெரியும்!"

வரிசை நீளமாக இருந்தது. மூவரும் சுவரோரம் நின்றார்கள். மயில்வாகனம் மெல்லிய குரலில், "இதெல்லாம் முடிஞ்சப்புறம் சத்யராஜ்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "முதலாளிகிட்ட போவறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? ஊரு பாக்க ஊத வெச்சிட்டானே."

உஸ்மானுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சத்யராஜ் இல்லண்ணா. நான்தான் சொன்னேன்."

மயில்வாகனம் திரும்பினார்.

"கிளாஸ் விழுந்ததிலேர்ந்து பாத்துக்கினு இருந்தேன். ஏரிக்கரையில பள்ளமே இல்லியே, அதையும் பாத்தேன். மாத்திரையையும் பாத்தேன். நஸ்னீனு முன்சீட்டுல உக்காந்திருந்தா. உங்ககிட்ட கேட்டா பொய் சொல்வீங்கன்னு நெனச்சேன். அதான் அங்க போயிட்டேன்."

மயில்வாகனம் மஹாலட்சுமிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பெயரைக் கூப்பிடும்வரை உஸ்மான் பக்கம் திரும்பவேயில்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மயில்வாகனம் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே, "தொழுநோயா மேடம்?" என்றார். தனித் தட்டு, தனிப் பாய் விஷயத்தை மஹாலட்சுமி சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தச் சந்தேகம் வர்றது நியாயம்தான். அதையும் பார்த்துடலாம்" என்றார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தோள், கைகால் எல்லாம் நிறம் மாறிய தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் தொட்டார். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் தெரியவில்லை. மற்ற விரல்களில் தெரிந்தது. முழங்கைக்கு மேலேயும் நன்றாகத் தெரிந்தது. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி இழுத்தார். சுலபமாக வந்துவிட்டது. கடைசியாக முழங்கைக்குப் பின்னால் எலும்பு முட்டும் இடத்தில் விரலால் லேசாகத் தட்டினார்.

மயில்வாகனம் துள்ளிவிட்டார். "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குது!"

"எங்கே போகுது?"

"சுண்டுவிரலுக்கு."

"வண்டி எப்படி உட்கார்ந்து ஓட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க."

மயில்வாகனம் நாற்காலியில் சாய்ந்து, வலது முழங்கையை மடக்கி மேஜை விளிம்பில் ஊன்றி, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவர் அப்படித்தான் ஓட்டுவார். முழங்கை ஜன்னல் இரும்பின் மேல், நாள் முழுக்க. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு அங்கேதான் இடிக்கும். உஸ்மான் அதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஆனால் கவனித்ததில்லை.

"விரல்ல ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். "கழுத்திலிருந்து விரலுக்குப் போற ஒரு நரம்பு, முழங்கையில ஒரு சின்ன சந்துக்குள்ள நுழைஞ்சு போகுது. அந்தச் சந்துல அது நசுங்கிக்கிட்டே இருந்திருக்கு. ரப்பர் குழாயை மிதிச்சா தண்ணி வராதில்லையா, அந்த மாதிரி. தொழுநோயும் இதே நரம்பைத்தான் தாக்கும். அதனாலதான் கை ஒரே மாதிரி தெரியுது. உங்களுக்கு அது இருக்கிற மாதிரி தெரியலை. இருந்தாலும் உறுதி பண்ணிக்க டெஸ்ட் எடுத்துடுவோம். இன்னொண்ணும் சொல்றேன். அதுவாவே இருந்திருந்தாலும் மாத்திரையில குணமாகிடும். மருந்து ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்டாது. தனித் தட்டெல்லாம் வேணாம். ஆனா இவ்வளவு நாள் ஒளிச்சு வெச்சீங்களே, அதுதான் தப்பு. சதை கரைஞ்சு போயிருக்கு."

மஹாலட்சுமி சத்தமாக அழுதுவிட்டாள். மயில்வாகனம் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே வந்ததும், "என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றாங்க" என்றார்.

கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்ட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தோலிலிருந்து மாதிரி எடுத்தும் பார்த்தார்கள். முழங்கையில்தான் அடைப்பு, தொழுநோய் இல்லவே இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் வீட்டில் பழைய தட்டில் சாப்பிட்டாராம். இதையும், நரம்பை விடுவிக்க ஆபரேஷன் செய்யப்போகிறார்கள் என்பதையும் மஹாலட்சுமி போனில் சொன்னாள். ஊரில் பேச்சு சும்மா இருக்கவில்லை. அந்த வியாதிதான், மூடி மறைக்கிறார்கள் என்று ஒரு தெரு பேசியது. டிரைவர் போதைக்கு அடிமை, ஆபரேஷன் என்பதெல்லாம் கதை என்று பஸ் நிலையம் பேசியது. யார் பேசினாலும் உஸ்மான் மல்லுக்கு நின்றான். நிற்கும்போதே, இந்தப் பேச்சுக்கு முதல் திரியைக் கொளுத்தியது தான்தான் என்பதும் அவனுக்கு நினைவிருந்தது.

ஆபரேஷன் நடந்தது. நரம்பை அந்தச் சந்திலிருந்து விடுவித்து முன்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். உஸ்மான் பார்க்கப் போனான். மயில்வாகனம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு அவர் வீட்டுக்குப் போனபோதும் அப்படியே. கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மஹாலட்சுமி மட்டும் தறியை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்தாள்.

"கோவம் இருக்குதுண்ணா அவருக்கு. இருக்கட்டும், அவமானமாயிடுச்சு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். பக்கத்துலயே இருக்கிற நான் எவளோ ஒருத்தியத் தேடிக்கினு இருந்தேன். நீங்க அவரு கையப் பாத்தீங்க."

"நானும் தப்பாத்தாம்மா பாத்தேன்."

"பாத்தீங்க இல்ல" என்றாள் அவள்.

வண்டிக்கு ஒரு தற்காலிக டிரைவர் வந்தார். உஸ்மான் அவரோடு ஓடினான். மழைக்காலம் வந்து தாமல் ஏரி நிரம்பியது, பொங்கல் போயிற்று. மயில்வாகனம் கைப்பயிற்சிக்குப் போய்வந்தார். பிசைந்த களிமண்ணைக் கசக்குவது, துணி மாட்டும் கிளிப்பை அழுத்துவது என்று வேலை. நரம்பு மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் மோதிர விரலில் உணர்வு வந்தது. சுண்டுவிரல் நன்றாக நிமிர்ந்தது, ஆனால் நுனி இன்னும் மந்தம்தான். கட்டைவிரல் பக்கத்துப் பள்ளம் முழுசாக நிரம்பவில்லை. அது அப்படியே இருந்துவிடலாம் என்றும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். பிடியைப் பல தடவை சோதித்துப் பார்த்த பிறகுதான் வண்டி ஓட்டலாம் என்று சான்று கொடுத்தார்.

ராமராஜனுக்குத் தயக்கம். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆளுங்கள ஏத்தறதுக்கு முன்னாடி காலி வண்டிய ஒரு தடவ தாமல் வரைக்கும் ஓட்டிக் காட்டட்டும். உஸ்மான், நீ கூடப் போ. நீ சொன்னாதான் சாவி" என்றார், மயில்வாகனத்தை எதிரில் வைத்துக்கொண்டே. மயில்வாகனம் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி வெள்ளைகேட்டைத் தாண்டியது. ஜன்னல் விளிம்பில் மஹாலட்சுமி தடிமனாக ஒரு துணி மெத்தை தைத்துக் கட்டியிருந்தாள். இருந்தும் மயில்வாகனம் முழங்கையை உள்ளேயே வைத்திருந்தார். உஸ்மான் முன்சீட்டில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தான். கியர் மாற்றும்போதெல்லாம் அவனுடைய கையும் தானாக இறுகியது.

முசரவாக்கம் தாண்டியதும் மயில்வாகனம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"இன்னா பாய், இன்னும் சந்தேகமா?"

இல்லை என்று சொல்வது சுலபம். "ஆமாண்ணா" என்றான் உஸ்மான். "இருக்குது."

மயில்வாகனம் பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார். எதிரே ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. வேகத்தைக் குறைத்து, இடது கையால் கியரைப் போட்டு, வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதற்கு வழிவிட்டார். பிடி நகரவில்லை.

"எனக்கும் இருக்குது" என்றார். "காலையில எழுந்ததும் மொதல்ல இந்த வெரலத்தான் கிள்ளிப் பாக்கறேன். நீயும் பாத்துக்கினே இரு. ஆனா இனிமே எதைப் பாத்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. நான் பொய் சொன்னா அப்புறம் முதலாளிகிட்ட போ."

"சரிண்ணா."

"சத்யராஜ்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடணும். பாவம், ஒண்ணுமே செய்யாத பையன் சட்டையப் புடிச்சேன்."

"ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்."

மயில்வாகனம் தலையசைத்தார். ஏரிக்கரைத் திருப்பம் வந்தது. உஸ்மான் எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்காக. மயில்வாகனம் அதைக் கண்ணாடியில் கவனித்தார். தள்ளி நிற்கச் சொல்லவில்லை.